வாப்பாவுக்கு நான் மாற்றிச் சொன்ன வசனம்

ஒரு திரைப்படத்தை என் வாப்பாவுக்குப் பொய்யாக மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுப் படத்தையும் அல்ல, ஒரே ஒரு வசனத்தை! அந்த ஒரு வசனத்தால் ஒரு பெண் தன் கூடப்பிறந்தவரின் முகத்தைப் பார்க்காமலே மௌத்தாகிப் போனார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் என்னைத் தெரியாது... அதனால்தான் வாய் திறக்கிறது போலும். மன்னிப்புக் கேட்டு வரவில்லை. நீங்கள் மன்னிப்பதற்கு உங்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லையே!

அந்த வசனத்துக்கு முன்னால் இன்னொரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இது விளங்காது.

நான் பள்ளிவாசல்துறைக்காரன். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. வாப்பா கருவாட்டு வாடியில் உழைத்து என்னைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. சிலாபம் பக்கத்துக் கூட்டாளிகள் இத்தாலிக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்னக் கடலோர நகரத்தில், நடக்க இயலாத முதிய பெண்மணி ஒருவரைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. சிஞ்ஞோரா என்று அவரை அழைப்பேன். அம்மணி என்பது போன்ற மரியாதைச் சொல் அது.

சிஞ்ஞோரா எனக்கு அவருடைய மொழியைக் கற்றுத் தந்தது ஒரு நாவலைக் கொண்டுதான். அந்த நகரத்திலேயே நடக்கிற கதை. படகு திருத்துகிற ஒரு கிழவர், அவருடைய மனைவி, தூரத்து நகரத்தில் வேலை செய்யும் மகன். தாய் சாகக் கிடக்கிறாள், தகவல் போகிறது. பனி கொட்டுகிறது, ரயில் ஓடவில்லை, வர முடியாது என்று மகன் சொல்லிவிடுகிறான். தாய் இறந்துபோகிறாள். வெகுநாள் கழித்து வீடு திரும்பிய மகன், சமையலறையில் தந்தைக்கு எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறான். “ரயில் ஓடியது அப்பா. நான் வந்திருக்கலாம். வரவில்லை.”

அந்த மூன்று சிறு வாக்கியங்களை சிஞ்ஞோரா என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்வார். வினைச்சொற்களைப் பழக அதைவிட நல்ல இடம் இல்லையாம்! நானும் பாடமாக்கினேன். அவை ஒருநாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியுமா?

பிறகு அந்த நாவலைப் படமாக எடுக்க ஆட்கள் வந்தார்கள். நகரமே குதூகலித்தது. சதுக்கத்தில் நடக்கும் ஒரு காட்சிக்கு ஊர்ச்சனம் தேவைப்பட்டது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவி, அதைத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு கறுத்த மனிதன்... எங்கள் இருவரையும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சிஞ்ஞோரா பெட்டியைத் திறந்து பழைய சிவப்புத் தொப்பியை வெளியே எடுத்தார்.

அந்த வாரம்தான் வாப்பா அழைத்தார்.

“உம்மாக்கு ஏலா மகன். ஒன்னையே கேட்டுக்கிட்டு இருக்கா. வர ஏலுமா ஒனக்கு?”

எங்கள் ஊர்ப் பேச்சில் இந்த ‘ஏலாது’ ஒரு விசித்திரமான சொல். நோயில் படுத்தால் ஏலாது. முடியாத காரியம் என்றாலும் ஏலாது. விருப்பமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும்போதும் அதே ஏலாதுதான். கேட்கிறவர் எந்த ஏலாது என்று துருவிக் கேட்பதில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

“காட் இன்னும் கைக்கு வரல்ல வாப்பா. இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர விடமாட்டான். வர ஏலா.”

காட் வந்திருந்தது! வதிவிட உரிமை அட்டை. எத்தனையோ வருடங்கள் அதற்காகத்தான் காத்திருந்தேன். கைக்கு வந்ததும் கூட்டாளிகளுக்குச் சோறாக்கிப் போட்டவன் நான். வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வரச் சொல்வார்கள் என்று அறிந்தே சொல்லவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். சிஞ்ஞோராவின் மகள் நல்ல மனுசி. “நீ போ, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றுகூடச் சொன்னாள். ஆனால் முதல் நாள் எங்கள் காட்சிக்கு வெயில் சரியாக விழவில்லை; மறுநாளும் வாருங்கள் என்றார்கள். அது முடியட்டும், பிறகு போகலாம் என்று நினைத்தேன். அதற்கும் அடியில் இருந்தது பயம். உம்மாவின் வற்றிய முகத்தைப் பார்க்கப் பயம். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று அந்தக் கண்கள் கேட்டுவிடுமோ என்ற பயம்... இப்படியெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும், ஒரு சதுக்கத்தை நான்கைந்து தடவை குறுக்கே கடப்பதற்காக உம்மாவை என்னைக் காணாமலே சாக விட்டேன் என்றுதான் கணக்கு முடிகிறது.

வெள்ளிக்கிழமை உம்மா மௌத்தானார்.

எங்கள் ஸுபைதா மாமியை இப்போது சொல்ல வேண்டும். வாப்பாவின் ஒரே தங்கை; அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார். பக்கத்து ஊர் எத்தாளையில் கட்டிக்கொடுத்தது. உம்மாவின் கடைசி நாட்களில் மலம் சலம் அள்ளியதிலிருந்து மையத்தைக் குளிப்பாட்டியதுவரை எல்லாம் அவர்தான். நான் செய்திருக்க வேண்டியதில் பாதியை அவர் செய்தார். மற்றப் பாதியை ஒருவரும் செய்யவில்லை.

சோறு தின்ற கூட்டாளிகளில் ஒருவன் விடுமுறைக்கு ஊர் வந்தவன், மதுரங்குளிச் சந்தியில் மாமியின் மகன் நஸீரைக் கண்டிருக்கிறான். எனக்குக் காட் கிடைத்த சந்தோசத்தைக் கதையோடு கதையாகச் சொல்லியிருக்கிறான். மாமி நெஞ்சில் வைத்துப் பூட்டுகிற ஆள் இல்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓத வீட்டில் சனம் கூடியிருக்க, வாப்பாவிடம் நேரே கேட்டுவிட்டார். பின்னால் நஸீர்தான் இதை எனக்குச் சொன்னான்.

“நானா, அவனுக்கு வர ஏலும். ஏலாம இல்ல. அவன் வரல்ல!”

வாப்பா அந்த இடத்திலேயே எனக்கு அழைத்தார். சனத்தின் நடுவே, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்துக்கொண்டு, “மகன், ஒன்ட மாமி இப்பிடிச் சொல்றா. உண்மையா?” என்றார்.

“பொய் வாப்பா” என்றேன்.

யோசிக்கவே இல்லை! அவ்வளவு வேகமாக வந்த சொல் என் வாழ்வில் வேறு இல்லை. அன்றே வாப்பா தன் தங்கையை வெளியே போகச் சொன்னார். “என்ட புள்ளைய சபையில கள்ளனாக்கினவ இனி என்ட வாசல மிதிக்கப்படாது” என்று சொன்னாராம். மாமியும் ரோசக்காரி. மிதிக்கவில்லை.

சிஞ்ஞோரா காலமான பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால், வீட்டில் வாப்பா ஒருவர்தான் இருந்தார். முன்பெல்லாம் எத்தாளைச் சனம் வாரம் தவறாமல் வந்து போகும் வீடு அது. மாமி போனதும் மாமியின் பிள்ளைகள் போனார்கள். அவர்களோடு பேரப்பிள்ளைகளின் சத்தமும் போயிற்று. முற்றத்தில் கழுதைகள் வந்து நிற்கும். அவற்றை விரட்டவும் ஆள் இல்லை. எனக்குக் கல்யாணமும் கைகூடவில்லை. இரண்டு ஆண்கள், ஒரு சட்டி மீன் ஆணம், காலையில் வாங்கிய பாண். ஒருவர் தின்று முடிக்கும்வரை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். பெருநாளைக்குப் பள்ளியில் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வோம். போக ஒரு வீடு இல்லை!

அந்தத் தனிமையை அவருக்குக் கட்டிக்கொடுத்தவன் நான். அவரோ, மகன் வந்துவிட்டான் என்ற சந்தோசத்தில் அதைப் பொறுத்துக்கொண்டார்.

போன வருடம் சிஞ்ஞோராவின் மகள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவைத்தாள். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. நானும் அதில் ஓர் இடத்தில் வருகிறேன் என்று வாப்பாவிடம் உளறிவிட்டேன்.

வாப்பா படம் பார்க்கிற ஆளில்லை. டீவியில் செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கினாலே எழுந்து போய்விடுவார். ஆனால் மகன் வருகிறான் என்றால் விடுவாரா? ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறு தின்ற கையோடு, “போடு பாப்பம்” என்றார். ஊர் கண்டால் சிரிக்கும் என்று ஜன்னல்களையெல்லாம் அவரே சாத்தினார். வெளியே கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. கதிரையை டீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கீழே எழுத்து ஒன்றும் ஓடாத படம். நான்தான் வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. படகு திருத்தும் கிழவரை வாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. “அந்தாளு பூசுற தார் காணா மகன். அடுத்த மாரிக்குத் தண்ணி ஏறும்” என்று டீவிக்கே புத்தி சொன்னார். பிறகு சதுக்கம் வந்தது. சிவப்புத் தொப்பி... சக்கர நாற்காலி... நான்.

“அல்லாஹ்! இந்தா நீ!” எழுந்தே விட்டார். “சில்லுக் கதிரையில இருக்கிறதா நீ பாத்துக்கிட்ட மனுசி? நல்ல வடிவான மனுசி. என்னா மெலிவுடா நீ அப்ப... ஒன்ட உம்மா பாத்திருக்கணும் இத.”

உம்மா அந்நேரம் எந்தப் பாயில் எப்படிக் கிடந்தார் என்று திரையைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். என் முகம் அங்கே சிரித்துக்கொண்டிருந்தது. இது எப்போது எடுத்தது என்று வாப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அதற்கும் ஒரு பொய் வாயில் தயாராக இருந்தது.

சமையலறைக் காட்சி வந்தது.

வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். உண்மையைச் சொல்வதானால், அதற்காகவே நான் அந்தப் படத்தைப் போட்டேன் என்றும் சொல்லலாம். நான் சொல்ல முடியாததை அந்த இத்தாலிக்காரன் சொல்லட்டும். அவன் சொல்வதை நான் தமிழாக்குகிறேன். வாப்பா என் பக்கம் திரும்புவார். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கே விளங்கிவிடும்... இப்படி ஒரு கோழைத் திட்டம் என்னிடம் இருந்தது. கோழைத் திட்டத்தைக்கூட நிறைவேற்றத் தைரியம் வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நாவலில் அந்த இடத்தில் தந்தை ஒரு வார்த்தை பேசமாட்டார். எழுந்து, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவார். அதன்பிறகு மகனோடு அவர் கதைப்பதே இல்லை. படத்திலோ தந்தை மகனைக் கட்டிப்பிடித்து அழுகிறார். படம் வெளியானபோது சிஞ்ஞோரா அதைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார். “எழுதினவனுக்கு இருந்த துணிச்சல் எடுத்தவனுக்கு இல்லை!” என்று தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டார்.

என் வாப்பா எந்தத் தந்தை? நாவலில் வருபவரா, படத்தில் வருபவரா? இதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கால் வைக்க மனம் வரவில்லை. திரையில் மகன் வாயைத் திறந்தான். ரயில் ஓடியது அப்பா. நான் வந்திருக்கலாம். வரவில்லை.

“என்ன சொல்றான் மகன்?” என்றார் வாப்பா.

“ரயில் ஓடல்ல வாப்பா... வர ஏலாமப் போச்சு எண்டு சொல்றான்.”

சொல்லிவிட்டேன்! அந்தப் புத்தகத்தில் இல்லாததை, அந்தப் படத்தில் இல்லாததை, பள்ளிவாசல்துறையில் ஜன்னல் சாத்திய ஓர் அறையில் நான் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

வாப்பா நெற்றியைச் சுருக்கினார். திரையில் அவன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

“அதுக்கு ஏன் இந்தப் பொடியன் இப்பிடி அழுவுறான்? ஏலாமப் போறது ஒரு குத்தமா?”

உங்களுக்கு விளங்குகிறதா? கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார் அவர்! அறிந்து கேட்டாரா, அறியாமல் கேட்டாரா? அன்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் போதும். “இல்ல வாப்பா, நான் மாத்திச் சொல்லிட்டன்” என்றால் முடிந்தது.

“துக்கம் வாப்பா” என்றேன்.

அந்தக் கிழவர் மகனைக் கட்டிப்பிடித்தார். வாப்பா தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல மனுசன். புள்ளைட சொல்ல நம்பினான் பாத்தியா? என்ட தங்கச்சிக்கு மட்டும் அந்த மனசு இல்லாமப் போச்சே!”

படம் முடிய முன்பே எழுந்து அஸர் தொழுகைக்கு வுளூ செய்யப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமி அதிக காலம் இருக்கவில்லை. ஒரு பின்னேரம் நஸீர் மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்தான். வாசலைத் தாண்டவில்லை. முற்றத்து வேலியோடு நின்றபடி, “மாமா, உம்மாக்கு ஏலா. ஒங்களப் பாக்கணுமாம்” என்றான்.

வாப்பா எழுந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். போகத்தான் கட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால், “அண்டைக்குச் சொன்னது பொய்யெண்டு சொல்றாளா?” என்று கேட்டார்.

நஸீர் தலையைக் குனிந்தான். “உம்மா அப்பிடிச் சொல்லல்ல மாமா.”

“அப்ப நானும் வரல்ல.”

உள்ளே போய்விட்டார். நஸீர் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்தும், இத்தனை வருடம் என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவன் அவன்.

“மச்சான், நீங்க ஒரு வார்த்த சொன்னா மாமா வந்திருவாரு. உம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா.”

“கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வாப்பா சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா...”

“என்ன மகன்?”

அந்தக் குரலில் அவ்வளவு பாசம்! எனக்காகத் தங்கையை இழக்கிற மனிதனின் குரல். தொண்டைவரை வந்தது. அல்லாஹ்வின் மீது ஆணையாகச் சொல்கிறேன், தொண்டைவரை வந்தது...

“தேத்தண்ணி போடவா?” என்று கேட்டேன்.

திரும்பி வெளியே வந்தபோது நஸீர் போய்விட்டிருந்தான்.

மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் மாமி மௌத்தானார். அந்தச் செய்திக்குப் பிறகு வாப்பாவுக்கு எந்த ரோசமும் மிஞ்சவில்லை. எத்தாளைக்கு ஓட்டோவில் போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஜனாஸாவைத் தோளில் தூக்கிய ஆட்களில் நானும் ஒருவன். நஸீர் எனக்கு முன்னால் தூக்கிப் போனான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மையவாடியில் மண் தள்ளும்போது வாப்பா முதல் பிடியைப் போட்டுவிட்டு, இரண்டாவது பிடியைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

இப்போது சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முன்பு சொல்லியிருந்தால் அவர் ஒரு மகனை வெறுத்திருப்பார்; ஒரு தங்கையை மீட்டிருப்பார். இன்று சொன்னால் மீட்பதற்கு யாரும் இல்லை. உண்மையைச் சொன்ன தங்கையைப் பட்டினி போட்டதுபோல் பாசமில்லாமல் தானே சாகவிட்டதை இந்த வயதில் அவர் அறிய வேண்டுமா? அதனால் மௌனமாக இருக்கிறேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். முன்பு இருந்த மௌனத்துக்குப் பெயர் கோழைத்தனம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மாமியை அடக்கிச் சில நாட்கள் கழித்து, மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா என்னைக் கூப்பிட்டார். தொழுத பாயிலேயே பக்கத்தில் இருக்கச் சொன்னார். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“மகன், ஒன்ட மாமி ஒன்னப் பத்தி இல்லாதத சபையில சொன்னவ. அதோடயே மௌத்தாப் போய்ட்டா. சொல்லுப்பட்டவன் மாப் பண்ணாம அவக்கு அங்க லேசில்ல. அல்லாஹ்வும் ஒன்னத்தான் கேப்பான். என்ட முகத்துக்காக அவள மாப் பண்ணிரு வாப்பா.”

என்னைப் போய் வாப்பா என்று அழைத்துக் கெஞ்சினார்! நான் போய் அந்தக் கபுறடியில் விழுந்து கேட்க வேண்டியதை, என்னிடம் யாசித்தார்.

என் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்று அவர் விளங்கிக்கொண்டார்.

“அவ நான் பெத்த புள்ள இல்லதான்... நான் தூக்கி வளத்த புள்ள அவ. மனசோட சொல்லு மகன். எனக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லு.”

“மாப் பண்ணிட்டன் வாப்பா” என்றேன்.

“பேரச் சொல்லி.”

“ஸுபைதா மாமிய... மாப் பண்ணிட்டன்.”

அவர் என் நெற்றியில் முத்தமிட்டார். தாடி ஈரமாக இருந்தது. “ஒன்ட உம்மாட மனசு ஒனக்கு” என்றார். அன்று இரவுதான், மாமி மௌத்தான பிறகு முதல்முறையாக, நிம்மதியாகத் தூங்கினார், குறட்டை கேட்டது. நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் வாப்பா ஒரு துஆ கேட்கிறார், சத்தமாக. யா அல்லாஹ், என்ட மகன் மன்னிச்சிட்டான், நீயும் அவள மன்னிச்சிரு என்று கேட்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் கைகளை ஏந்திக்கொண்டு ஆமீன் சொல்கிறேன்.